குமரி மண்ணில் சினமும் அன்பும்

பிறர் இழைக்கும் தீமை கண்டு சினம் கொள்ளாதவர் அரியர். அச்சினம் எழும்பொழுது நெஞ்சிலுள்ள அன்பு என்னாகிறது என்பதே வினா. திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலிலும் வெகுளாமையைத் துறவறவியலிலும் வைத்தார். பொறுத்தல் இல்லறத்தார் கடமை. வெகுளாமையோ துறவு நெஞ்சம் எய்தும் உயர்நிலை என்பது இவ்வைப்பு முறையால் புலனாகும் எனலாம். கிறித்தவ மறையோ, பகைவரிடத்தும் அன்பு செய்யுமாறு இல்லறத்தாரையும் கேட்கிறது. இக்கடினமான கட்டளை குமரி மண்ணில் எவ்வாறு கைக்கொள்ளப்பட்டது, எங்கே தளர்ந்தது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்றாகின்றன.

1. யோபுவின் கதை

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. சிறைப்பட்ட டிலனாய், தம்மை வென்ற மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பின்னர்ப் பயிற்சி அளித்தார். இலத்தீனும் தமிழும் பொறித்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது. அந்நாளில் அரண்மனைப் பணியில் இருந்தவர் 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர். பொருளிழப்பால் துயருற்றிருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்று, நீலகண்டர் தேவசகாயம் ஆனார்.

அவரை ஈர்த்தது யோபுவின் கதை என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. யோபு வாய்மூடிப் பொறுத்தவர் அல்லர், இறைவனோடு வழக்காடியவர். 'நீ செய்த பாவமே உனக்கு இத்துன்பம் தந்தது' என்ற கருத்தில் பேசிய நண்பர்களைக் கடிந்துரைத்தவர். ஆயினும் நூலின் முடிவில், தம்மைப் புண்படுத்திய அந்நண்பர்களுக்காகவே அவர் இறைவனை வேண்டுகிறார். வேண்டிய பிறகே அவருடைய வாழ்வு மீள்கிறது. சினத்தை மறைக்குமாறு அந்நூல் சொல்லவில்லை. அதனைப் பகையாக முதிரவிடவும் இல்லை.

1749இல் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் தன்மை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகியதும், எல்லாரும் நிகரென வலியுறுத்தியதும் அவர்மீது வெறுப்பை வளர்த்தன எனத் திருச்சபை பதிவு செய்துள்ளது. எருமைமேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்றும், காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினர் என்றும் மரபு கூறும். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் பெற்றது.

தம்மை வதைக்க ஏவப்பட்டவனுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்க அவர் வேண்டினார் என்றொரு செவிவழிக் கதை பெருவிளைப் பகுதியில் வழங்குகிறது. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் மக்கள் அவரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு இது சான்றாகும். தம் நண்பர்களுக்காக வேண்டிய யோபுவின் சாயலை அக்கதையில் காணலாம். 2012இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார்.

2. தோள்சீலை

ஒருவர் தம் துன்பத்தைப் பொறுக்கலாம். பிறர் படும் இழிவைப் பொறுத்திருப்பது அன்பாகுமா? இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. மார்பை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் பெண்கள் குப்பாயம் அணிந்தபோது, பொதுவிடங்களில் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1858-59ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. திருப்பி அடித்தோரும் இருந்தனர்; அதனை மறைப்பது வரலாறாகாது.

ஆனால் நிலைத்த பயன் வேறு வழியில் வந்தது. விண்ணப்பங்கள் அரசுக்கும் சென்னை ஆளுநருக்கும் சென்றன. 1818 முதல் நாகர்கோவிலில் பணியாற்றிய மீட் பாதிரியாரும் உடன் ஊழியரும் பள்ளிகளை நடத்தினர். மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவ்வருவாயால் அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். 1859 சூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பு மேலாடைக்கு இசைந்தது. உயர்சாதியினர் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை மட்டும் அதில் எஞ்சியது. சினம் இங்கே அவியவில்லை; விண்ணப்பமாகவும் ஊசியும் நூலுமாகவும் பள்ளியாகவும் உருமாறியது.

3. மண்டைக்காடு

மேற்கண்ட இரண்டிலும் கிறித்தவர் தீமைக்கு ஆளானவர்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் அத்தகையதன்று. தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த இந்துக்களும் கிறித்தவரும் ஒருவரையொருவர் பகைத்தனர். துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். இரு பக்கத்தும் வீடுகள் அழிந்தன. இரு சாராரும் தம் சினமே நேர்மையானது என நம்பினர். நம் தரப்பின் தவற்றைக் காணவொட்டாமல் கண்ணை மறைப்பதே சினத்தின் பெருங்கேடு என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

அப்பொழுது அமைதிப் பணிக்கு வந்தவர்களுள் முதன்மையானவர் குன்றக்குடி அடிகளார். சைவத் திருமடத்தின் தலைவராகிய அவர் மீனவர் குடியிருப்புகளுக்கும் சென்று இரு சாராரிடமும் பேசினார். கிறித்தவர் போற்றும் பகைவர்மீதான அன்பை அந்நாளில் கிறித்தவர்க்கு நினைவூட்டியவர் திருநீறணிந்த ஒரு துறவி என்பது நன்றியோடு எண்ணத்தக்கது.

இம்மூன்று நிகழ்ச்சிகளாலும் பெறப்படுவது ஒன்று: அன்பு சினத்தின் இன்மை அன்று. தீமையைத் தீமை என்று சொல்வதற்குச் சினம் வேண்டும். அதைச் செய்தவனும் மனிதனே என்பதை மறவாதிருக்க அன்பு வேண்டும். அநீதியைப் பாடும் கவிஞர்க்கும் இது பொருந்தும். குமரி மண்ணின் காயங்களைப் பாடுவோர், எந்தத் தரப்பின் காயத்தைப் பாடாது விட்டோம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.