எந்த உப்பு?

உப்புன்னு சொன்னா பட்டணத்து ஆட்களுக்குச் சமையல்கட்டு டப்பாதான் ஞாபகம் வரும். எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் விவசாயம் பண்ற எங்களுக்கு அந்த ஒரே சொல்லுக்குள்ளே நாலஞ்சு பொருள் இருக்கு. அதுல ஒண்ணை இன்னொண்ணா எடுத்துக்கிட்டா நிலமும் கெடும், உடம்பும் கெடும்.

முதல்ல கடலுப்பு. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள் ரொம்ப காலமா உண்டு. 1805-ல் கும்பினிக்காரன் சென்னை மாகாணத்துல உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். அடுத்த வருஷமே சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் கால்வாய் வெட்டினாங்க. பிற்பாடு பக்கிங்காம் கால்வாய்னு பேர் வாங்கினதும் அதுதான். உப்பும் விறகும் படகுல பட்டணம் போச்சு.

உப்பளத்து ஓரத்துல நிக்கிற செடிகளுக்கு உப்பு வேற விஷயம். அலையாத்தி மரம் வேர் வழியா ஏறின உப்பை இலை வழியா வெளியே தள்ளிடும்; வெயில் நேரத்துல இலை மேல பொடிப்பொடியாப் பூத்திருக்கும். உமரி அப்படியில்லை, தடிச்ச இலையிலேயே தேக்கி வச்சுக்கும். நெல்லுக்கு இந்த ரெண்டு வித்தையும் தெரியாது. மண்ணுல உப்பு ஏறினா நுனி கருகிப் போயிடும்.

சித்த வைத்தியத்துல உப்பு 25 வகைன்னு கணக்கு. கறியுப்பு, இந்துப்பு மட்டுமில்ல, வெடியுப்பு, நவச்சாரம், படிகாரம், வெங்காரம் எல்லாம் அதுல அடக்கம். வேதியியல்காரர் கணக்கு வேற. அமிலமும் காரமும் சேர்ந்து பிறக்கிறதுதான் அவருக்கு உப்பு. ஆனா படிகாரத்தையும் நவச்சாரத்தையும் ரெண்டு பேருமே உப்புன்னுதான் சொல்றாங்க.

எங்க ஊர்ல ரசாயன உரத்துக்கும் உப்புன்னுதான் பேரு. "உப்பு போட்டாச்சாண்ணே?"ன்னா உரம் வச்சாச்சான்னு அர்த்தம். அது பாதி சரி. எண்ணூர்ல தயாராகிற அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட் நிஜ உப்பு. பொட்டாஷும் உப்புதான். ஆனா யூரியா உப்பே இல்லை. 1828-ல் ஜெர்மனியில வோலர்ங்கறவர் சிறுநீரகத்தோட துணையில்லாமலே ஆய்வுக்கூடத்துல உண்டாக்கிக் காட்டின பொருள் அது. மணலியில சென்னை உர நிறுவனம் 1971-லிருந்து அதை மூட்டை மூட்டையாத் தள்ளிச்சு. 'விஜய்' யூரியா தெரியாத விவசாயி இந்தப் பக்கம் கிடையாது.

அந்த மணலி ஆலைகளுக்குத் தண்ணி எங்கிருந்து போச்சு? மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆழ்துளைக் கிணறுகள்லேர்ந்து. விவசாயத்துக்கு நாங்களும் இறைச்சோம். ரெண்டும் சேர்ந்து உறிஞ்ச உறிஞ்ச, கடல்தண்ணி நிலத்தடியில வருஷா வருஷம் உள்ளே நகர்ந்துச்சு. உப்பு மூட்டை வயலுக்கு வந்த அதே காலத்துல கிணத்துக்கு உப்பு வந்தது இப்படித்தான். களர் மண்ணுக்கு மருந்தா ஜிப்சம் போடச் சொல்றாங்களே, அதுவும் ஒரு உப்புதான்.

இனி ஆஸ்பத்திரி உப்பு. ரத்தத்துல யூரியா, கிரியாட்டினின் கூடினா "உப்பு ஏறியிருக்கு"ன்னு சொல்றது நம்ம ஊர்ப் பழக்கம். கேக்கிற ஆளு வீட்டுக்கு வந்து குழம்புல உப்பைக் குறைச்சா சரியாப் போயிடும்னு நம்பிடறாங்க. யூரியா, நாம சாப்பிடற புரதத்தோட கழிவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வர்ற கழிவு. ரெண்டும் கறியுப்பு இல்லை. சிறுநீரகம் அதை வெளியேத்த முடியலைங்கறதுதான் சேதி. சாப்பாட்டுல உப்பைக் குறைக்கச் சொன்னா குறைக்கணும், ஆனா அதுவே வைத்தியம் ஆயிடாது.

இன்னும் சிலர் இந்துப்புக்கு மாறிடறாங்க. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில 'சோடியம் குறைந்த உப்பு'ன்னு விக்கிறதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நாங்க வயலுக்குப் போடற பொட்டாஷும் அதே பொருள்தான். சிறுநீரகம் பழுதானவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் கூடினா இதயமே நின்னு போகலாம். டாக்டரைக் கேக்காம அதை வாங்காதீங்க.

கால் வீங்கினா "கால் உப்பியிருக்கு"ங்கறோம். அது வேற உப்பு, வீக்கத்தைச் சொல்ற வினைச்சொல். ஆனா சிறுநீரகக்காரங்க வீட்டுல ரெண்டு உப்பும் ஒண்ணாவே வந்து நிக்கும். அதனால யாராவது உப்பு கூடியிருக்குன்னு சொன்னா, எந்த உப்புன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. மண் பரிசோதனைச் சீட்டானாலும் சரி, ரத்தப் பரிசோதனைச் சீட்டானாலும் சரி.