400 கெஜமும் ஒரு பேட்டரியும்

"நெட்வொர்க்தான் ஸ்லோ" என்று ஒரு கான்ஃபரன்ஸ் காலில் பதினைந்து பேர் முன்னால் அடித்துச் சொன்னவன் நான். இரவு 11 மணிக்கு ஆரம்பித்த பேக்கப் விடிந்தும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1 கிகாபிட் இணைப்பு, நொடிக்கு 110 எம்பி அளவுக்காவது போக வேண்டும். போனது 30 சொச்சம். நெட்வொர்க் டீம் சீனியர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "ஒரு தடவை அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். அளந்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்பது என் நினைப்பு. அது எப்படித் தப்பாகப் போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கப்புறம்தான், நாம் தினமும் ஓட்டுகிற இந்தக் கருவிகளை யார், எந்தக் கஷ்டத்தில் எழுதினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பிங். 1983 டிசம்பர், அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம். ராணுவத்தின் பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரியில் மைக் மூஸ் வேலை பார்க்கிறார். அங்கே நெட்வொர்க் ஏதோ விசித்திரமாக நடந்துகொள்கிறது. அதே வருடம் ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், எதிரொலி பாக்கெட் அனுப்பி அது திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பதைப் பற்றி டேவ் மில்ஸ் சொன்னது அவருக்கு ஞாபகம் வருகிறது. உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் ஆயிரம் வரி அளவுக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறார். நீர்மூழ்கிக் கப்பல் சோனார் எழுப்பும் சத்தத்தைப் பெயராக வைக்கிறார். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர் முதல் பிங்கை அனுப்புவதற்குள் பழுதான ஹார்டுவேரை மற்றவர்கள் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார்கள்! எந்தப் பிரச்சினைக்காக எழுதினாரோ அதற்கு பிங் பயன்படவே இல்லை. இவ்வளவு பேர் வாங்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டு ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.

பிங் சொல்வது இரண்டே விஷயம்: எதிர்முனை இருக்கிறதா, பதில் வர எவ்வளவு நேரம். எவ்வளவு டேட்டா போகும் என்று அது சொல்லாது. அந்தக் கேள்விக்கு மூஸும் டெர்ரி ஸ்லாட்டரியும் சேர்ந்து எழுதியது டிடிசிபி. இன்றைய ஐபெர்ஃப் மாதிரிக் கருவிகளுக்குத் தாத்தா. இதன் சாமர்த்தியம், டேட்டாவை டிஸ்கிலிருந்து எடுக்காமல் மெமரியிலேயே உண்டாக்கி அனுப்புவது. எதிர்முனையும் வாங்கி அப்படியே கீழே கொட்டிவிடும். ஆக, வரும் எண்ணில் டிஸ்கின் பங்கு பூஜ்யம். ஒரு ஃபைலை காப்பி பண்ணிப் பார்த்து "நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்ல முடியாது என்பது 1980களிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது 1986 அக்டோபர், கலிஃபோர்னியா. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் மலைமேல் இருக்கிறது, பெர்க்லி பல்கலைக்கழகம் கீழே. இரண்டுக்கும் நடுவே 400 கெஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிட் என்றால் நொடிக்கு ஐந்து எழுத்து. 2,000 எழுத்துள்ள ஒரு பக்கம் போய்ச் சேர கிட்டத்தட்ட ஏழு நிமிடம். பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும்.

கேபிள் எதுவும் அறுந்துபோகவில்லை. பதில் வரத் தாமதமானால் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதையே திரும்ப அனுப்பியது. அதனால் நெரிசல் கூடியது, தாமதம் கூடியது, இன்னும் அதிகமாகத் திரும்ப அனுப்பியது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வரவில்லை என்று ஆளாளுக்கு எழுந்து கேட்கப் போய், வாளி தூக்கி வருபவர் உள்ளேயே நுழைய முடியாமல் நிற்பாரே, அதே கதை. இது நடக்கும் என்று ஜான் நேகிள் 1984 ஜனவரியிலேயே ஆர்எஃப்சி 896இல் எச்சரித்திருந்தார். ஒரு தடவை இந்த நிலைக்குள் விழுந்துவிட்டால் நெட்வொர்க் அதிலேயே நிலைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேகப்சனும் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக் கேரல்ஸும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் இருந்த கருவிகளில் அவர்கள் கை வைக்கவில்லை. இரண்டு முனைகளிலும் இருந்த டிசிபி கோடைத்தான் மாற்றினார்கள். கொஞ்சமாக அனுப்ப ஆரம்பி, ஒப்புகை வர வரக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் சட்டென்று குறை. 1988இல் வெளிவந்த பிஎஸ்டி யூனிக்ஸில் இது சேர்ந்தது. இன்றைக்கு உங்கள் போன் செய்வதும் அடிப்படையில் இதேதான். பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டும் ஜேகப்சன் எழுதியதே. டிசிபிடம்ப்பும் அதே ஆய்வகத்துச் சரக்கு. கஷ்டப்பட்ட இடத்தில்தான் கருவி பிறக்கும் போலிருக்கிறது.

டிஸ்க் பக்கம் ஒரே ஒரு கதை. 2008 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்ஜினியர் பிரெண்டன் கிரெக், டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார். கத்திய நொடியில் டிஸ்க் பதில் சொல்லும் நேரம் எகிறியது. அதிர்வில் ஹெட் தடத்தில் நிற்காமல் தடுமாறியதுதான் காரணம். வீடியோ இன்றும் இருக்கிறது, பாருங்கள். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அவர் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தாமதம் கண்ணில் பட்டிருக்காது. எத்தனை கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பிரித்து வரைந்த ஹீட்மேப் கையில் இருந்ததால் பளிச்சென்று தெரிந்தது.

இப்போது என் கதை. டிஸ்கைச் சோதிக்க நான் செய்தது, டிடி கமாண்டில் ஒரு சின்ன ஃபைலை எழுதியதுதான். நொடிக்கு 1 ஜிபிக்கு மேல் காட்டியது. டிஸ்க் பிரமாதம், ஆகவே நெட்வொர்க்தான் மோசம். உண்மையில் லினக்ஸ் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று என்னிடம் சொல்லியிருந்தது. நான் அளந்தது ரேமை!

சீனியர் அன்று மதியமே ஐபெர்ஃப் ஓட்டி 940 மெகாபிட் என்ற ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினார். கூட ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. அதற்கப்புறம் டிடி கமாண்டில் எஃப்டேட்டாசிங்க் சேர்த்து, டிஸ்கில் போய்ச் சேர்ந்த பிறகே கணக்கை முடிக்கும்படி ஓட்டினேன். 31 எம்பி. ஐயோஸ்டாட்டில் டிஸ்க் 100 சதவீதம் பிஸி. காரணம், ரெய்டு கார்டில் இருந்த பேட்டரி. அந்தக் கார்டு எழுத வேண்டியதைத் தன் மெமரியில் வாங்கி உடனே பதில் சொல்லும். கரண்ட் போனாலும் அந்த மெமரி அழியாமல் இருக்கத்தான் பேட்டரி. அது செத்துப்போனதும் கார்டு ரிஸ்க் எடுக்காமல், ஒவ்வொன்றையும் டிஸ்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும் முறைக்கு மாறியிருந்தது. லாகில் எச்சரிக்கை வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த லாகைப் பார்க்க வேண்டியது என் டீம்.

பேட்டரி மாற்றிய அன்று பேக்கப் இரண்டரை மணிக்கே முடிந்தது. அடுத்த காலில் அதே பதினைந்து பேர் முன்னால், தப்பு எங்கள் பக்கம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சீனியர்தான் மியூட்டை எடுத்தார். "பரவால்ல தம்பி. பேட்டரி என்னைக்கு மாத்துனீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி சர்வர் மேல ஒட்டி வைங்க."