பிரதி யாரிடம் இருக்கிறது?

1996-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் தில்லிச் செய்தியாளராக இருந்தவர் கென்னத் கூப்பர். கறுப்பினத்தவர். அவர் மூத்த பத்திரிகையாளர் பி.என்.உனியாலிடம் சாதாரணமாக ஒரு உதவி கேட்டார்: "ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச வேண்டும், யாராவது தெரியுமா?" உனியாலுக்கு ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. முப்பது வருடத் தொழில் வாழ்க்கையில் தன்னோடு வேலை பார்த்த ஒரு தலித்தைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்பது அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மொத்தம் 686 பேர். அதில் 454 பேர் பெயரோடு சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது, அவர்களில் தலித் யாரும் இல்லை. மீதி 232 பேரில் 47 பேரை அழைத்து விசாரித்தார். அங்கும் ஒருவர்கூட இல்லை. அந்த நவம்பரில் பயனியர் நாளிதழில் இதை எழுதினார்.

பத்து வருடம் கழித்து, 2006-ல், தில்லியில் இயங்கிய 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. தலித்தும் இல்லை, பழங்குடியும் இல்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து செய்த ஆய்வில் 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினரிடம். நம்மவர் எண்ணிக்கை அப்போதும் பூஜ்ஜியம்.

இந்தக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு, "தலித்துகள் இப்போதுதான் மெல்ல ஊடகத்துக்கு வருகிறார்கள்" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நம்மில் சிலரும் அப்படிப் பேசுகிறோம். தில்லியில் உனியால் பட்டியலைப் புரட்டியதற்கு நூறு வருடம் முன்பே சென்னையில் நமக்குப் பத்திரிகை இருந்தது, ஆசிரியர்கள் இருந்தார்கள், காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் இருந்தார்கள்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். முதலில் மாத இதழ், பிறகு வார இதழ். அந்தப் பெயரை அவர் வேண்டுமென்றே வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மை ஒதுக்குகிறார்களோ அந்தப் பெயரிலேயே வந்து நின்று உரிமை கேட்க வேண்டும், ஒளிந்துகொண்டு கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது பௌத்தர்கள்மீது எதிரிகள் சுமத்திய இழிபெயர் என்று கடைசிவரை வாதாடினார். இருவரும் உறவினர்கள் வேறு. எந்தப் பெயரில் நம்மை அழைத்துக்கொள்வது என்று இன்று ஃபேஸ்புக்கில் நடக்கும் சண்டை புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களிலேயே சீனிவாசன் கையில் எடுத்த பிரச்சினை முக்கியமானது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே தேர்வு வைத்தால் உள்ளே போகப்போவது யார், அவர்கள் கலெக்டராக வந்து உட்கார்ந்தால் சேரிக்காரன் மனு எந்த மேசையில் போய் நிற்கும் என்று இவர் கேட்டார். சென்னையில் கூட்டம் போட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி, பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எதிர்ப்பு மனு அனுப்பினார்கள். நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. பத்திரிகை என்பது வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பதற்கான காகிதமாக மட்டும் இருந்திருந்தால் அத்தனை கையெழுத்து சேர்ந்திருக்காது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். 1896-ல் இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டு சீனிவாசனுக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். அன்றைக்கு நூறு ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல.

(முதுகலை வகுப்பில் பொதுவெளி பற்றிப் பாடம் நடத்தும்போது ஐரோப்பாவின் காபிக் கடைகளில் இருந்து ஆரம்பிப்பார்கள். அங்கே எல்லோரும் சமமாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்து விவாதித்தார்களாம். நம் ஊரில் காபி கிளப் வந்தபோது பஞ்சமருக்கு இடமில்லை என்று பலகை மாட்டினார்கள். ஹேபர்மாஸைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பலகையையும் சேர்த்துப் படியுங்கள்.)

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையில் இருந்து அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. புதன்கிழமை தோறும் வந்த வார இதழ், விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த வருடம் 'ஒரு பைசா' போய் 'தமிழன்' என்று மாறியது. 1914 மே மாதம் அவர் இறக்கும்வரை நிற்காமல் நடத்தினார். அதில் என்னதான் இல்லை! பௌத்த நோக்கில் இந்திய வரலாற்றைத் திருப்பி எழுதிய தொடர் வந்தது. பள்ளிக்கூடம், கிணறு, நிலம் பற்றிய புகார்கள் வந்தன. வாசகர் கேள்விக்குப் பதில் சொன்னார். அவர் சித்த வைத்தியர், அதனால் மருந்துக் குறிப்பும் உண்டு. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த நாட்களில், குடிக்கத் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் வெள்ளைக்காரனிடம் சுயராஜ்யம் கேட்கிறார்களே என்று வாரா வாரம் எழுதினார். 1911 கணக்கெடுப்பு வந்தபோது, நம்மை இந்துக்கள் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று இதழ் வழியாகவே பிரச்சாரம் செய்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தொழிலாளிகள்தான் அதற்குப் பெரிய பலம். பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன கூலிகள், சிப்பந்திகள் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அயோத்திதாசர் மறைந்து பல வருடம் கழித்து, 1926 முதல் 'தமிழன்' மறுபடி வந்தபோது அதைத் தங்கவயலில் இருந்துதான் ஜி.அப்பாதுரையார் நடத்தினார். சுரங்கக் கூலியில் பங்கு கொடுத்து ஒரு வார இதழைத் தாங்கிய வாசகர்கள் அவர்கள்.

ஒரு தலைமுறை கடந்ததும் இவை எல்லாம் எங்கே போயின? திராவிட இயக்கத்தின் வரலாற்றையும் தேசிய இயக்கத்தின் வரலாற்றையும் எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த இதழ்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை. 'பறையன்' முழுத் தொகுப்பாக ஆய்வாளர்கள் கைக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் அதில் என்ன எழுதினார்கள் என்பது எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாட்டு மொழிப் பத்திரிகைகளில் அரசுக்கு விரோதமாக யாராவது எழுதுகிறார்களா என்று கண்காணிக்க பிரிட்டிஷ் அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் பத்திரிகைகளைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி ரகசிய அறிக்கை கொடுப்பார்கள். அந்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. சீனிவாசனின் பத்திரிகைக் குரலில் பெரும் பகுதி நமக்கு அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. அவர் எழுதிய தமிழ் கிடைக்கவில்லை. வேவு பார்த்தவரின் ஆங்கிலம்தான் மிஞ்சியது.

'தமிழன்' தப்பித்தது வேறு வழியில். அன்பு பொன்னோவியம் போன்ற நம் பெரியவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அப்படிக் காத்த பிரதிகள் இருந்ததால்தான் ஞான.அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வெளிவர முடிந்தது. அதன் பிறகுதான் அயோத்திதாசர் பல்கலைக்கழகங்களில் பேசப்படும் ஆளானார். ஜெ.பாலசுப்பிரமணியம் 1869 தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடிப் பிடித்து 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று ஒரு நூலே எழுதினார். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

பம்பாய் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பரவலாகத் தெரிந்தது. அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' தொடங்கியபோது கேசரி பத்திரிகை அதன் விளம்பரத்தைக் காசு தருகிறோம் என்றாலும் போட மறுத்தது. கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா கொடுத்த 2,500 ரூபாய்தான் கைமுதல். அதற்குப் பிறகு 'பகிஷ்கிருத் பாரத்', 'ஜனதா', 'பிரபுத்த பாரத்' என்று 1956 வரை அவர் பத்திரிகையை விடவே இல்லை.

அச்சு இயந்திரத்தையாவது கடன் வாங்கி வாங்கலாம். வானொலியில் அதுவும் முடியாது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்தின்படி அலைவரிசை முழுக்க அரசின் சொத்து. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. சொன்னவுடன் மக்களுக்கா கொடுத்தார்கள்? முதலில் ஏலம் விட்டுத் தனியார் எஃப்.எம். நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு கல்வி நிறுவனங்களுக்கு. ஊர் அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில்.

அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் அதுவரை சும்மா இருக்கவில்லை. பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு நிலத்தில் சிறுதானியம் போடுகிறவர்கள். உரிமம் வருவதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, கேசட்டைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15-ல் சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. நடத்தியவர்கள் ஜெனரல் நர்சம்மா, ஆல்கோல் நர்சம்மா என்ற இரண்டு தலித் பெண்கள். அவர்கள் பேசியது அவர்கள் பேச்சுத் தெலுங்கில். விதை, சமையல், வைத்தியம், பாட்டு என்று மாலை நேரத்தில் போகும். "நம்ம பேச்சு ரேடியோவில் வருமா" என்று கேட்டுப் பழகிய ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. சமுதாய வானொலி தானாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே போடலாம். ஆக, தலித் பெண் விதையைப் பற்றிப் பாடலாம். நேற்றிரவு பக்கத்துத் தெருவில் யார் வீட்டை அடித்து நொறுக்கினார்கள் என்று செய்தி வாசிக்க முடியாது. இதை நாம் போதுமான அளவு எதிர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

செய்தியை முதலில் யார் சொல்கிறார் என்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கயர்லாஞ்சி. 2006 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்டத்தில் போட்மாங்கே குடும்பத்தில் நால்வரைக் கொன்றார்கள். முதலில் வந்த செய்திகளில் அது கள்ளத்தொடர்பு விவகாரம். உண்மை வெளியே வந்தது தலித் அமைப்புகளின் உண்மை அறியும் குழுக்கள், மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ்., வலைப்பதிவுகள் வழியாக. நவம்பரில் மக்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் பெரிய ஊடகங்கள் விழித்தன. வழக்கு நடந்து தீர்ப்பும் வந்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் யாருக்கும் தண்டனை இல்லை. பழிவாங்கும் கொலை, சாதி காரணம் அல்ல என்றார்கள். முதல் நாள் செய்தியில் விழுந்த சொல் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்று பாருங்கள். "இரு தரப்பினரிடையே மோதல்" என்று நம் ஊர்ப் பத்திரிகையில் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கையில் போன் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணம். 2015 ஜூனில் கோகுல்ராஜைக் கொன்ற வழக்கில் முதல் குற்றவாளி யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். அது ஊர் ஊராகப் பறந்தது. தொலைக்காட்சி ஒன்று அவரிடம் பேட்டியே எடுத்தது. எந்தத் தொழில்நுட்பமும் நமக்கு மட்டும் வருவதில்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது, பெரும்பாலும் நமக்கு முன்பே. அந்த வழக்கில் 2022-ல் ஆயுள் தண்டனை கிடைக்க முக்கியச் சாட்சியமாக நின்றது திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். லட்சம் பேருக்குப் பகிரப்பட்ட ஆடியோவைவிட, நேரமும் இடமும் பதிவான ஒரு பிரதி அங்கே கனமாக இருந்தது.

2016 ஜனவரியில் ரோஹித் வேமுலா இறந்த பிறகு அவருடைய கடிதத்தை நாடே படித்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அவர் ஃபேஸ்புக்கில் எழுதியவற்றைப் பத்திரிகையாளர் நிகிலா ஹென்றி தொகுத்து அந்த ஆண்டே நூலாக்கினார். அதனால் அவை காகிதத்தில் இருக்கின்றன. நீங்கள் சென்ற வருடம் எடுத்த வீடியோ எங்கே இருக்கிறது? கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால் கணக்கு முடங்கும். போன் உடைந்தால் போச்சு. மறுபக்கம், உங்கள் மேல் வழக்கு வந்தால் உங்கள் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட் தேதி வாரியாக காவல் நிலையக் கோப்பில் இருக்கும். 1890-களில் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியவர்களின் வேலையை இன்று வேறு ஆட்கள் செய்கிறார்கள்.

நான் வேலை செய்யும் பகுதியில் இளைஞர்கள் சிலர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். எந்தச் சம்பவம் நடந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல், எடுத்தவர் போனில் இருக்கும் மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுகிறார்கள். ஒன்று ஊரில், ஒன்று வெளியூரில். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு: தேதி, நேரம், இடம், எடுத்தவர் யார், எந்த போன், யார் முன்னிலையில் ஏற்றியது. எங்கள் வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்தபடி மூலக் கோப்பில் பெயரைக்கூட மாற்றுவதில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும் பழைய துண்டறிக்கைகளையும் சங்க நோட்டீஸ்களையும் ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த நோட்டின் மாதிரிப் பக்கம் வேண்டுபவர்கள் எழுதினால் அனுப்புகிறேன்.