மூப்பர் சொல்லும் எழுத்தும்

நங்குலத்தார் காஞ்சியினின்று போந்து மலையேறினரென்பது வழிவழிக் கதை. சேர்வராயன் மலையை மூன்று நாடாகப் பகுத்து, நாட்டிற்குப் பட்டக்காரரும் ஊருக்கு மூப்பரும் வழக்குத் தீர்த்து வந்தனர். நினைவே அவர்க்கு ஏடு.

1820 முதல் சேலத்திற் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச்செடி கொணர்ந்தார், தோட்டங்கள் பெருகின. 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. எல்லையைக் காகிதம் வகுக்கவே, கல்லையும் மரத்தையுங் காட்டிப் பேசிய மூப்பர் சொல் அம்பலமேறவில்லை. அவர் அறிவிலரல்லர், அவர் அறிந்தது எழுத்திலில்லை, அவ்வளவே.

2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் இதனை ஒருவாறு மாற்றிற்று. 2008-இல் எழுந்த அதன் விதிகள், உரிமை கோருவாரல்லாத முதியோர் கூற்றை, எழுத்தில் வடித்துக் கொடுப்பின், சான்றுகளுள் ஒன்றாக ஏற்கின்றன. கிராமசபை தேரும் வனவுரிமைக் குழுவில் மூன்றிலொரு பங்கேனும் பெண்டிர் இருத்தல் வேண்டும். இதற்கு முகஞ்சுளிப்பாருமுளர். விறகிற்கும் கிழங்கிற்கும் காட்டுவழி நடந்தவர் யாரென அவர்தாமே எண்ணுக.

வெள்ளக்கடை அன்பர்களே! மூப்பரை விலக்கி வாலிபரை அமர்த்துதல் தலைமையை வளர்த்தலாகாது. சபை கூடுமுன் மூப்பர் சொல்ல, பள்ளியிற் பயின்ற பேத்தி எழுதட்டும். முதலில் எல்லைக்கற்களின் பெயர்களை எழுதுக. அவற்றை அறிந்தோர் ஆண்டுதோறுங் குறைந்து வருகின்றனர்.