555 புத்தகத்தில் ஒரு பவுடர் டின்

குட்டிக்கூரா டின்னின் மூடியைக் கொஞ்சம் திருகினால் ஓட்டைகள் திறக்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் மூடிக்கொள்ளும். அம்மா பாதித் திருகுக்கு மேல் எங்களைத் திறக்க விட்டதில்லை. டின்னை வாங்கி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, அந்த ஒரு கை பவுடரை மூன்று பிள்ளைகளின் முகத்துக்கும் பங்கு வைப்பார். கடைசியில் கையில் ஒட்டியிருப்பதுதான் அவர் கழுத்துக்கு. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டுச் சன்னல் கம்பியில் மாட்டிய கைக்கண்ணாடிக்கு முன்னால் நடந்தது இது. கறுத்த முகத்தில் வெள்ளை திட்டுத் திட்டாக நிற்கும். அப்படி நின்றால்தான் பவுடர் போட்டதாகக் கணக்கு.

அழகுக்காக மட்டும் போட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போய், மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் உடம்பில் ஒட்டுப்பால் வாடை ஏறியிருக்கும். புளித்துக் கெட்ட அந்த வாடை சோப்புக்குப் போகாது. துணியில், தலைமுடியில், பிள்ளைகளின் புத்தகப் பையில்கூட இருக்கும். டவுன் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைத் திருப்புவதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த டின்னின் அருமை தெரியும். எங்களுக்குப் பவுடர் ஒரு கவசம்.

டின் எங்கிருந்து வந்தது? குட்டிக்கூரா என்ற பெயரே லத்தீன்: தோல், பராமரிப்பு என்ற இரண்டு சொற்களின் ஒட்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் சோப்புக்கும் களிம்புக்கும் வைத்த பெயர் அது. உள்ளே இருந்தது டால்க், கனிமங்களிலேயே மிக மிருதுவானது. நாங்கள் வெட்டிய மரமும் வெளியூர்தான். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளின் வாரிசுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரம் பிரேசில், பவுடர் பாஸ்டன், வெட்டியவரும் பூசியவரும் தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள். மூன்றும் ஒரு லயத்து வீட்டில் வந்து சேர்ந்தன.

வாசல்வரை டின்னைக் கொண்டுவந்து சேர்த்தது தோட்டத்துக் கடை. எங்கள் கடை முதலாளி, அதாவது தவுக்கே, சீனர். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், ரிப்பன், பவுடர், எல்லாம் அவரிடம்தான். காசு கொடுத்து வாங்குவது அபூர்வம். மேலே 555 என்று அச்சிட்ட சின்னக் குறிப்புப் புத்தகம் வீட்டுக்கு ஒன்று. சாமானைக் கொடுத்துவிட்டு அதில் அவர் எழுதுவார், சம்பள நாளில் கூட்டிக் கழிப்பார். அவர் எழுதியது சீனத்தில். என்ன எழுதினார், எவ்வளவு போட்டார் என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. மாதக் கடைசியில் அப்பா அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடி வைப்பார். பவுடர் டின் வாங்கிய மாதம் அம்மாவும் பேசாமல் இருப்பார். தவுக்கே கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத வாரங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அவர் கடன்தான். ஆனால் ஒரு பெண் தன் முகத்துக்கு வாங்கிய பொருள் குடும்பத்துக் கடனோடு கடனாக, படிக்க முடியாத எழுத்தில் ஏறியது. அது அம்மாவுக்குக் குத்தியது.

பிறகு தோட்டமே போனது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் வழக்கம் 1950-களிலேயே தொடங்கியிருந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் பணத்தைச் சேர்த்து அவர்கள் பேரிலேயே தோட்டம் வாங்க வைத்தார். எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கை எட்டவில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பத்துக் குடும்பம் செய்த வேலைக்கு இரண்டு குடும்பம் போதும் என்று ஆனது. நாங்கள் ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு வந்தோம். 1985 அக்டோபரில் ஈயத்தின் விலை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், ஈப்போவும் வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் பேன்சி ஸ்டோர்கள் இருந்தன. கண்ணாடி வளையல் அட்டை, சாந்து, குங்குமம், சடை மாட்டி, பவுடர், எல்லாம் ஒரே சுவரில் தொங்கும். அங்கே விலை எழுதியிருக்காது. கடைக்கார அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். கல்யாணம் என்றால் ஒரு விலை, வயசுக்கு வந்த சடங்கு என்றால் அதில் கொஞ்சம் குறைவு.

அதற்குள் மருந்தும் அழகுப்பொருளும் விற்கும் சங்கிலிக் கடைகள் வந்துவிட்டன. கார்டியன் மலேசியாவில் 1967-இலேயே இருந்தது. வாட்சன்ஸ் 1994-இல் முதல் கடையைத் திறந்து, இப்போது நாடு முழுக்க 700-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கடைகளின் பூர்வீகத்தைத் தேடியபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. கார்டியனை நடத்தும் ஹாங்காங் நிறுவனம் முதலில் ஒரு பால்பண்ணை. ஊருக்குச் சுத்தமான பசும்பால் கிடைக்க வேண்டும் என்று 1886-இல் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் கண்டுபிடித்தவர், மலேரியாவும் கொசுவால்தான் வரும் என்று ரொனால்டு ராஸ் என்ற மருத்துவரைத் தேட வைத்தவர். மலாயாத் தோட்டங்களில் எங்கள் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகப் புதைத்த காய்ச்சல் அது. ரப்பர்க் கன்று கோலகங்சாருக்கு வந்ததும் அதே 1877. மேன்சன் தொடங்கிய கம்பெனியின் கடையில் பல வருடம் கழித்து நான் பவுடர் வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "அந்தக் காய்ச்சல்லதான் எங்க பாட்டி போனாங்க" என்றார்.

சங்கிலிக் கடை எங்களுக்குக் கொடுத்த பெரிய பொருள் விலைச் சீட்டு. தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை யாரும் படிக்கலாம். எடுத்துப் பார்க்கலாம், மூடியைத் திறந்து முகரலாம், வைத்துவிட்டும் வரலாம். ஏன் வாங்கவில்லை என்று கேட்க ஆளில்லை. முதல் தடவை அம்மா அங்கே அரைமணி நேரம் சுற்றினார், ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் சந்தோஷமாக வெளியே வந்தார். பால்வெட்டுக்காரரின் மகள்கள் பலர் அந்தக் கடைகளில் புரோமோட்டர் வேலைக்குப் போனார்கள். என் சித்தி மகள் பத்து மணி நேரம் குதிகால் செருப்பில் நின்று உதட்டுச்சாயம் விற்றாள். அவள் வீட்டில் சம்பளத்தைக் கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு பேரங்காடிக் கடையில் என் நிறத்துக்கு முகப்பூச்சு கேட்டேன். தட்டில் இருந்ததிலேயே கறுத்ததைத் தடவினாலும் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. விற்பனைப் பெண் தயங்கித் தயங்கி, வெளுப்பாக்கும் கிரீமை எடுத்து நீட்டினாள். அவள்மேல் கோபமில்லை. எனக்கு ஏற்ற நிறத்தை அங்கே யாரும் வாங்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். நடுத்தட்டில் இருந்த பவுடர் டின்னும் மெல்லக் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. நடுத்தட்டு முழுக்க வெளுப்பு.

சங்கிலிகளுக்கும் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1978-இல் ஹாங்காங்கில் சின்ன ஒரு விற்பனை மேசையில் தொடங்கி, 1997-இல் பங்குச் சந்தை ஏறிய சாசா, 2019 டிசம்பரில் சிங்கப்பூரின் 22 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. பாடி ஷாப் 2024-இல் பிரிட்டனில் திவால் நிர்வாகத்துக்குள் போனது. கடையில் வந்து நிறம் பார்ப்பவர்கள் வாங்குவதோ கைப்பேசியில். மலேசிய அரசு 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சின்னப் பொட்டலங்களுக்கும் 10 விழுக்காடு வரி போட வேண்டிய அளவுக்கு அவை குவிந்தன. மருந்தும் சேர்த்து விற்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்: தலைவலி மாத்திரைக்கு வருகிறவர் ஷாம்புவும் எடுப்பார். லிட்டில் இந்தியா அக்காக்களும் நிற்கிறார்கள், தாழம்பூக் குங்குமத்தையும் மணப்பெண் சடையையும் எந்தச் சங்கிலியும் விற்காததால்.

டால்க்கின் கதையும் திரும்பிவிட்டது. வழக்குகளுக்குப் பிறகு ஜான்சன் அன் ஜான்சன் 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதும் டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. 2024 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்று உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள்களில் சேர்த்தது. இதைப் படித்த அன்றே அம்மாவின் டின்னை எடுத்து ஒளித்து வைத்து, சோளமாவுப் பவுடர் வாங்கிக் கொடுத்தேன். "மாவையா மூஞ்சில பூசறது?" என்றார். மலாய்க்கார அண்டை வீட்டம்மா அரிசியை ஊறப் போட்டு அரைத்துச் சொட்டுச் சொட்டாகக் காயவைத்த பெடாக் செஜுக்கை அவரே பூசியிருக்கிறார் என்று நினைவூட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது குளிர்ச்சியா இருக்கும்" என்றார்.

போன மாதம் முட்டி வலிக்குக் களிம்பு வாங்க அவரைப் பேரங்காடிக்குக் கூட்டிப் போனேன். கிளம்பும் முன் கண்ணாடி முன் நின்று முகத்துக்குப் பவுடர் போட்டார். கடைக்குப் போவதென்றால் வெறும் முகத்தோடு போவாரா? களிம்போடு ஒரு பவுடரும் எடுத்தார். கல்லாவில் காசை அவரேதான் எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ரசீதை மடக்கி வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து 555 புத்தகத்தை எடுத்தார். புதிதுதான், ஸ்டேஷனரிக் கடையில் இன்னமும் கிடைக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்து. பேனாவை அழுத்திப் பிடித்து, ப-வில் தொடங்கி மெதுவாகப் பவுடர் என்று எழுதி, பக்கத்தில் விலையைப் போட்டார்.