படை திரும்பியோரும் பணி கொடுப்போரும்

கோலாலம்பூரின் பங்சார் மேட்டு வீதிகளில் மாலைப்பொழுதில் உலவச் செல்லும் ஒருவர், குடியிருப்பு வாயில்தோறும் குறுக்குக் கம்பத்தின் அருகே நிமிர்ந்து நின்று வண்டி எண்களைக் குறித்துக்கொள்ளும் காவலாளியைக் காண்பார். அந்தக் காவலாளி பல இடங்களில் நேப்பாளத்துப் படையிலோ போலீசிலோ ஊழியம் செய்து விலகி வந்தவராக இருப்பார். இங்கே மாளிகைகள் எழும்புவதற்கு முன் இந்த நிலம் ரப்பர்த் தோட்டம். பூஞ்சே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரால் விளங்கிய அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். படையை விட்டு வந்தவருக்கு எத்தகைய வேலை தருவது, வேலை தந்தபின் அவரை எவ்விதம் நடத்துவது என்னும் பிரச்சினை இந்த மண்ணுக்குப் புதியதன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் நடுப்பகுதி நம்மவரின் இரத்தத்தால் எழுதப்பட்டிருப்பதால் அதை மறந்துவிட நமக்குப் பாத்தியதை இல்லை.

முதலில் வந்தவர்கள் சீக்கியர்கள். தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு, பெரும்பாலும் பஞ்சாபியரைத் திரட்டி நடத்தப்பட்ட மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்னும் படைப்பிரிவு 1919-இல் கலைக்கப்பட்டது. அதிலிருந்தும் போலீசிலிருந்தும் விலகியவர்களில் பலர் வங்கி வாயிலிலும் பண்டசாலை வாயிலிலும் கயிற்றுக் கட்டிலிட்டுக் காவல் இருக்கும் ‘ஜாகா’ உத்தியோகத்தை மேற்கொண்டனர். விசுவாசத்திற்கும் உடல் வலிமைக்கும் பெயர்பெற்ற அம்மனிதர்களை வாயிலில் நிறுத்தி வைத்த வணிகர்கள், துப்பாக்கியைப் பராமரிக்கவும் கணக்கெழுதவும் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கவும் தெரிந்தவர்களை உள்ளே அழைத்து வேறொரு வேலையில் அமர்த்தலாம் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. படைவீரர் என்றால் தடியும் மீசையும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை.

தமிழரைப் பற்றியோ ஆங்கிலேயர் வேறொரு அபிப்பிராயம் வைத்திருந்தனர். போர்க்குணம் சில ஜாதியாருக்கே பிறவியில் அமைவது என்று நம்பி, சென்னை மாகாணத்தவரைப் படையில் சேர்ப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெரிதும் குறைத்துவிட்டவர்கள் அவர்கள். பணிவும் பொறுமையும் உடையவர்கள், சொன்னதைச் செய்பவர்கள் என்று கருதியே அவர்கள் தமிழரை மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தனர். அந்த எண்ணம் முதன்முதலில் ஆட்டங்கண்ட இடம் கிள்ளான் வட்டாரம். 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரையில் அங்குள்ள தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தங்கள் அலையலையாக எழுந்தன. அரைவெள்ளியாக இருந்த நாட்கூலியை உயர்த்த வேண்டும், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களை மானபங்கம் செய்வது நிற்க வேண்டும் என்பவற்றோடு, துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. துருப்புகள் வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள் அப்போது எந்தப் படையிலும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கௌரவத்தில் பற்று அவர்களுக்கு முன்பே இருந்தது, பின்னால் வந்த படைவாழ்வு அதற்கு உருவமும் ஒழுங்கும் கொடுத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் யுத்தம் வந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று, போர்க்கைதிகளாக இருந்த இந்தியச் சிப்பாய்களோடு தோட்டத்துத் தமிழரும் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். ஜப்பானியரால் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலிருந்து தப்பும் வழியாக அதைக் கண்டவர்களும் அவர்களில் இருந்தனர். அதனால் அவர்களுடைய தொண்டின் மதிப்பு ஒரு சிறிதும் குறைந்துவிடாது. லயத்து வீட்டில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, கங்காணியின் வசவை வாழ்க்கையின் நியதியாக ஏற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞன், பாசறையில் முதன்முறையாகத் தன் பெயரைச் சொல்லி அழைக்கப்பட்டான். ஜாதி பேதமின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உண்டான். பஞ்சாபியோடும் வங்காளியோடும் ‘ஜெய் ஹிந்த்’ என்று சமமாக வாழ்த்துப் பரிமாறினான். தான் இடும் கட்டளையைப் பிறர் நிறைவேற்றக் கண்டான். அந்த ராணுவத்தின் மகளிர் பிரிவாகிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களுக்கோ அது மறுபிறவி என்றே சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பது தோட்டத்திலும் உண்டு, பாசறையிலும் உண்டு. ஆனால் முன்னது மனிதனைக் குனிய வைப்பதற்கும் பின்னது நிமிர வைப்பதற்கும் ஏற்பட்டவை. இந்த வேற்றுமையை அறிந்தவர்கள்தாம் 1945-இன் இறுதியில் கிழிந்த சீருடையோடு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் திரும்பி வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்த தோட்டத்திற்குத் துரைமாரும் திரும்பி வந்தனர். அத்துரைமாரில் பலர் தாங்களும் தொண்டர் படைகளில் ஆயுதம் ஏந்திச் சிறைப்பட்டு, சாங்கியிலும் சயாமிலும் பட்டினியால் வாடியவர்கள். ஆகவே 1946-இல் தோட்டத்து ஆபீசு மேசையின் இருபுறத்திலும் நின்றவர்கள் இரண்டு முன்னாள் படைவீரர்கள். ஒருவருடைய சேவை தேசபக்தி என்று போற்றப்பட்டு, விட்டுச்சென்ற பதவி அவருக்காகக் காத்திருந்தது. மற்றவருடைய சேவை ராஜத்துரோகம் என்று கருதப்பட்டு, பழைய கூலியே விதிக்கப்பட்டது, அரிசி விலை பன்மடங்கு ஏறியிருந்த போதிலும். இங்கிலாந்தில் படையிலிருந்து மீள்பவரை முன்பிருந்த வேலையில் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1944-இலேயே நிறைவேறியிருந்தது. அமெரிக்கா அதே ஆண்டில் தன் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிவகுத்துச் சட்டம் இயற்றியது. தோற்ற படையில் இருந்த தோட்டத் தமிழனுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. சுதந்திர இந்தியாவும் அந்தப் படையினரைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

துரைமார் இம்மனிதர்களிடம் கண்டது திமிர் ஒன்றே. ஏன் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், ஏன் குறையைத் தனியாக வந்து முறையிடாமல் நால்வரைப் பிரதிநிதிகளாக அனுப்புகிறான் என்று அவர்கள் எரிச்சலுற்றனர். கெடாவில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் ஒரு தொண்டர் படை தோன்றியது. ராணுவத்திலிருந்து திரும்பியவர்களும் அதில் இருந்தனர். அணிவகுத்து நடந்து அவர்கள் செய்த முதற்பணி கொள்ளையோ கலகமோ அன்று. கூலிக்காரனின் கைக்காசைக் கவர்ந்துவந்த கள்ளுக்கடையை எதிர்த்து மறியல் செய்ததுதான். குடியை ஒழித்துச் சேமிப்பை வளர்த்து ஒழுங்காக வேலைக்கு வரும் தொழிலாளியைவிட ஒரு முதலாளிக்கு வேண்டுவது வேறென்ன? ஆயினும் 1947-இன் தொடக்கத்தில் போலீசு வந்தது, தடியடி நடந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் சிறை சென்றனர். கிடைத்தற்கரிய ஓர் ஒழுங்கு தன் வாயிலுக்குத் தானே வந்து நின்றபோது, தோட்ட நிர்வாகம் அதை அடையாளம் காணாமல் அடித்து விரட்டியது என்பதே என் துணிபு.

அந்தத் திறமை பின்னர் சென்ற வழி இயல்பானதே. ஆபீசில் இடமில்லாதவர் சங்கத்திற்குப் போனார். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர் என்று சொல்லப்படும் எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948-இல் சட்டம் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் அத்தொழிலின் சங்கத்தில் பொறுப்பேற்கலாகாது என்று விதிக்கப்பட்டது. சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1949 மே 3-ஆம் நாள் கணபதியின் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகக் கணபதி கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு தலைமுறையின் ஆற்றலைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் தெரியாத தொழில் அமைப்பு அதனோடு மோதி, தோட்டங்களின் அமைதியையும் நம்பிக்கையையும் பல ஆண்டுகளுக்கு இழந்தது.

இடம் கொடுக்கப்பட்ட போது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் இதே நகரத்தில் சாட்சி உண்டு. பதினாறு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியையாகி, 1960-இல் ஆசிரியைகளுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வேண்டிப் போராடி வென்றார். பிறகு கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். அப்படையின் துணைத் தளபதியாக இருந்து, 1945-இல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிய பின்வாங்கலில் நடந்த ஜானகி ஆதிநாகப்பன், மலாயா இந்தியக் காங்கிரஸின் ஆரம்ப உறுப்பினராகிச் செனட்டர் பதவி வரையில் உயர்ந்தார். கட்டுப்பாடும் துணிவும் ஒருங்கே கைவரப்பெற்ற இத்தகையவர்களுக்கு ஒரு பள்ளியோ ஒரு சபையோ கதவு திறந்தபோது இழந்தவர் எவரும் இல்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். மலேசியப் படையில் சாதாரண நிலையில் உள்ளவர் 21 ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வூதியத்தோடு வெளிவரும்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கும். அக்காலம் முடியுமுன் விலகுபவருக்கு அதுவும் இல்லை. மலேசியக் கடற்படைக்கு உள்நாட்டவருள் முதல் தளபதியாக 1967-இல் அமர்ந்த தமிழராகிய தனபாலசிங்கம் அவர்களே 1976-இல் ஓய்வு பெற்றபோது நாற்பது வயதினர்தாம் என்றால், மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்வின் பாதி இன்னும் மிச்சமிருக்க வெளியே வரும் இவர்களுக்குச் சுங்கை பூலோவிலுள்ள பெர்ஹெபாட் ஸ்தாபனம் தொழிற்பயிற்சி அளிக்கிறது. ஆனால் பயிற்சி ஒருபுறமிருக்க, வேலை கொடுப்பவர் அவர்களுடைய சுபாவத்தை அறிந்துகொள்வதற்கு யார் பயிற்சி அளிப்பது?

நேர்காணலில் முன்னாள் வீரர் ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூசி ‘நாங்கள் செய்தோம்’ என்பார்; அதைக் கேட்டு, இவர் தாமாக ஒன்றும் சாதித்ததில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக விடை சொல்லி நிறுத்துவார். விஷயம் தெரியாதவர் என்று கருதிவிடுகிறார்கள். பிழையைக் கண்டால் சுற்றி வளைக்காமல் மேலாளரிடமே சொல்லிவிடுவார், முரடர் என்கிறார்கள். வேலை இன்னது, பொறுப்பு இன்னாருடையது, முடிக்க வேண்டிய நேரம் இது என்று தெளிவாகச் சொல்லாத இடத்தில் அவர் தவிப்பார். புது வேலைக்குப் பழகத் தெரியாதவர் என்கிறார்கள். நான்குமே தவறான கணிப்புகள். உயிர் ஒருவர் சொல்லை நம்பி நிற்கும் இடத்தில் இருபதாண்டு வாழ்ந்தவருக்குச் சுருங்கச் சொல்லுதலும் குறையை உடனே சொல்லுதலும் பழக்கத்தால் வந்த பண்புகள். அவை ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் துறைமுகத்திலும் கிடங்கிலும் மின்சார நிலையத்திலும் பொன்னைப்போல் மதிக்கத்தக்கவை. 1946-இன் துரை நேர்ப்பார்வையைத் திமிர் என்று படித்ததும், இன்றைய மேலாளர் மௌனத்தை அறியாமை என்று படிப்பதும் ஒரே வகைப் பிழை.

பங்சாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தொழில் நடத்தும் நம்மவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். முன்னாள் படைவீரர் ஒருவர் உங்களிடம் வேலை கேட்டு வந்தால், இரவுக் காவலுக்கு ஆள் தேவையா என்று உடனே யோசிக்காமல், அவரை உட்கார வைத்து, எத்தனை பேரை நடத்தினீர்கள், எந்த இயந்திரத்தைப் பராமரித்தீர்கள், எந்தப் பண்டகசாலைக்குக் கணக்குக் காட்டினீர்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்; அவர் ‘நாங்கள்’ என்று தொடங்கினால், அதில் அவருடைய பங்கு என்ன என்று மரியாதையோடு இன்னொரு முறை கேளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் அவரோடு பேசிப் பழக அனுபவமுள்ள ஒருவரைத் துணையாக அமர்த்துங்கள். உங்களிடம் ஏற்கெனவே வாயிற்காவலில் இருக்கும் முன்னாள் வீரரையும் நாளைக் காலையில் உள்ளே அழைத்து இதே கேள்விகளைக் கேளுங்கள்.