ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் இயற்கை

எடோ என்பது இன்றைய தோக்கியோ நகரின் பழம்பெயர். 1603 முதல் 1868 வரை தோக்குகாவா மரபினரின் ஆட்சிக்கு அதுவே தலைமையிடமாக விளங்கிற்று. அந்நகரத்து வணிகரும் கைவினைஞரும் வாங்கிச் சுவரிலும் தட்டியிலும் ஒட்டி மகிழ்ந்த அச்சுத் தாள்கள், இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் ஒளி குறைந்த அறைகளில் போற்றிக் காக்கப்படுகின்றன. தெருவோரக் கடையில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் காசுக்கு அக்காலத்தில் ஒரு தாள் கிடைத்தது. வாங்கியவர்கள் கலைஞானிகள் அல்லர். ஆயினும் ஒரு மலர்க் கொம்பையோ நாரை ஒன்றையோ கண்டவுடன் அதன் உட்பொருளை உணரும் பயிற்சி அவர்களிடம் இருந்தது. அந்தப் பயிற்சி எத்தகையது என்பதையே நாம் இங்குச் சிறிது ஆராய்வோம்.

இவ்வோவியங்களுக்கு உகியோ-யே என்று பெயர். உகியோ என்னும் சொல் பௌத்தர் வழக்கில் துன்பம் நிறைந்த உலகைக் குறித்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதே ஒலியுடைய வேறோர் எழுத்தால் அதனை எழுதி, 'மிதக்கும் உலகு' என்று நகரத்தார் பொருள் கொண்டனர். நிலையாமையை எண்ணி வருந்திய சொல், நிலையாமையைச் சுவைக்கும் சொல்லாக மாறிவிட்டது. செர்ரி மலர் இவ்வோவியங்களில் ஏன் இத்துணை முறை வருகின்றது என்பதற்கு விடை இம்மாற்றத்தில் இருக்கிறது. சில நாட்களே மலர்ந்து, வாடுமுன்பே உதிர்ந்துவிடும் மலர் அது. துறவிக்கு அது பாடம். எடோ நகரத்தானுக்கோ, இன்றே சென்று கண்டுவிட வேண்டும் என்னும் அழைப்பு.

ஓர் அச்சுத் தாள் ஒருவர் கைவேலை அன்று. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் வரைவார். அதனை மலைச்செர்ரி மரப்பலகையின்மேல் ஒட்டிச் செதுக்குபவர் ஒருவர். வண்ணம் தடவி, மல்பெரி நாரினாற் செய்த தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் மடலால் பொதிந்த தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்து அச்சிடுபவர் மற்றொருவர். முதலிட்டு விற்பவர் பதிப்பாளர். வண்ணத்திற்கு ஒரு பலகையாகப் பல பலகைகள் வேண்டும். தாள் இம்மியும் நகராதிருக்கப் பலகையின் மூலையிலும் விளிம்பிலும் அடையாளம் வெட்டியிருப்பர். செர்ரி மலரைக் காட்டும் படமும் செர்ரி மரத்தின் வயிற்றிலிருந்தே பிறந்தது என்பது வேடிக்கையான பொருத்தந்தான்.

பல வண்ண அச்சு முழு வளர்ச்சி பெற்றது 1765-ஆம் ஆண்டில். அதற்குக் காரணமாயிருந்தது நாட்காட்டி என்றால் வியப்பாக இருக்கும். அக்காலத்துச் சந்திர மாதங்களுள் சில முப்பது நாள், சில இருபத்தொன்பது நாள். எவை நெடிய மாதம், எவை குறிய மாதம் என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி விற்கும் உரிமையை அரசு சிலருக்கே அளித்திருந்தது. ஆகவே செல்வமும் சுவையும் உடைய அன்பர்கள், மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்து வைத்த அச்சுகளைத் தம்முள் பரிமாறிக்கொண்டனர். சுசுகி ஹருநோபு வரைந்த ஒரு படத்தில் திடீர் மழை பொழிகின்றது; ஒரு பெண் கொடியில் உலரும் ஆடையை எடுக்க ஓடுகின்றாள்; காலணி ஒன்று கழன்று விழுகின்றது. அந்த ஆடையின் வடிவக் கோலத்திலேயே அவ்வாண்டின் நெடிய மாதங்கள் ஒளிந்துள்ளன. மழையைக் கண்டு சிரித்தவன் மாதத்தையும் கண்டுபிடித்தான். படத்தைப் 'படிக்கும்' வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

ஹருநோபுவின் மற்றொரு வரிசை இதனினும் நுட்பமானது. சீனத்துச் சியாவ்-சியாங் ஆற்று நிலத்தின் எட்டுக் காட்சிகள் கீழ்த்திசை ஓவியர்க்கு நெடுங்காலமாகப் பழகிய பொருள்: இரவு மழை, இறங்கும் வாத்துக் கூட்டம், இலையுதிர் கால நிலவு, மாலை மணியோசை, கரை திரும்பும் பாய்கள் முதலியன. ஹருநோபு 1766-ஐ ஒட்டிய ஆண்டில் இவ்வெட்டையும் ஒரு வீட்டின் அறைகளுக்குள் கொண்டுவந்துவிட்டார். கோத்தோ என்னும் யாழின்மேல் சாய்வாக வரிசையிட்ட நரம்பு தாங்கிகளே இறங்கும் வாத்துகள். வட்டக் கண்ணாடியே நிலவு. கொதிக்கும் கெண்டியின் ஒலியே இரவு மழை. கொடியில் அசையும் துவாலையே திரும்பும் பாய். கடிகாரத்தின் ஓசையே கோயில் மணி. ஆறும் இல்லை, வானும் இல்லை. ஆயினும் இயற்கை முழுவதும் அவ்வறைக்குள் இருக்கின்றது. உகியோ-யே கலையின் தலைசிறந்த நகை இதுவே என்பது நம் எண்ணம்.

நிலைபெற்ற குறியீடுகள் பல உண்டு. அவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பனியிலும் பசுமை மாறாத பைன் நீண்ட ஆயுள். வளைந்தும் முறியாத மூங்கில் உறுதி. குளிர் நீங்குமுன் மலரும் பிளம் பொறுமை. நாரைக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பதினாயிரம் ஆண்டு வாழ்வு என்பர். இணைபிரியா மாண்டரின் வாத்து இல்லறத்தைக் குறிக்கும். நீர்வீழ்ச்சியை எதிர்த்து ஏறும் கெண்டை இனத்து மீன் ஆண்மகவின் முயற்சிக்கு அடையாளம். இவற்றை அகராதி போல மனப்பாடம் செய்வதால் பெரும்பயன் இல்லை. ஓவியர் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், யார் பக்கத்தில் அவற்றை வைக்கிறார் என்பதிலேயே பொருள் பிறக்கின்றது.

மலரும் மலையும் ஆபத்தற்ற பொருள்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. 1804-இல் கிதகாவா உத்தமாரோ, முன்னாளைய பெருந்தலைவர் ஹிதேயோஷி தம் மனைவியருடன் செர்ரி மலர் காணும் காட்சியை அச்சிட்டார். அண்மைக்கால வீரர்தம் பெயரைச் சுட்டி வரைதல் குற்றம். உத்தமாரோ ஐம்பது நாள் கைவிலங்குடன் இருக்க நேர்ந்தது. இரண்டாண்டில், 1806-இல், மறைந்தார். செர்ரி மலர்களின்கீழ் அதிகாரம் படைத்தவர் களிக்கும் படம், அந்த அதிகாரமும் உதிரும் என்று சொல்லாமற் சொல்லிவிடுமோ என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. பின்னர் 1842-இல் நடிகர், கணிகையர் படங்களுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, பதிப்பாளர் பலர் நிலக்காட்சியையும் பறவை மலர்ப் படங்களையுமே பெரிதும் நாடினர்.

அவ்வகைக்கு அதற்கு முன்னரே வழி வகுத்தவர் கத்சுஷிகா ஹோக்குசாய் (1760–1849). எழுபதை ஒட்டிய வயதில் அவர் வெளியிடத் தொடங்கிய 'ஃபியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' விற்பனை மிகுதியால் நாற்பத்தாறாக வளர்ந்தது. அவற்றுள் உலகறிந்தது பேரலைப் படம்; 2024-இல் வெளிவந்த ஆயிரம் யென் நோட்டிலும் அதுவே இடம்பெற்றுள்ளது. இதனை ஆழிப்பேரலை என்று கூறுவோர் உளர், அது பொருந்தாது. காற்றால் எழுந்த கடல் அலையே அது. ஜப்பானியர் வலமிருந்து இடமாகப் படிப்பவர். அவர் கண் முதலில் காண்பது வலப்பக்கத்துப் படகுகளை. அவற்றுடன் சேர்ந்தே இடப்புறம் நகர்ந்து அலையின் வாயில் சென்று மோதுகின்றது. நமக்கு அலை உடன் வருவது போலத் தோன்றும். அவர்க்கு அலை எதிரே வரும். படத்தின் தலைப்பும் 'அலையின் அடியில்' என்றே அமைந்திருக்கிறது. துடுப்பு வலிப்போர் படகோடு படிந்து குனிந்திருக்கின்றனர். அலைவாயின் நடுவே, கையளவுச் சிறுமையுடன், அசையாமல் நிற்கின்றது ஃபியூஜி.

ஃபியூஜி வெறும் மலையன்று. அதன் பெயரை 'சாவின்மை' என்னும் சொல்லோடு இயைத்துப் பழங்கதை கூறும். எடோ மக்கள் சங்கம் அமைத்து அதற்கு யாத்திரை சென்றனர். 1707-இல் அது கடைசியாகத் தீக்கக்கியபோது சாம்பல் எடோ வரை வந்து விழுந்தது. ஆகவே அலை மாறும் உலகு என்றும், மலை மாறா நிலை என்றும் கூறுவது எளிது. பலரும் அவ்வாறே கூறுவர். ஆனால் படத்தை உற்று நோக்குக. முன்னே எழும் சிற்றலை ஃபியூஜியின் வடிவத்தையே கொண்டிருக்கின்றது. பேரலையின் நுரைத்துளிகள் மலைமேற் பனியாகப் பெய்வன போலத் தோன்றுகின்றன. மாறுவதும் மாறாததும் ஒன்றன் வடிவை ஒன்று பூண்டு நிற்கும் இந்த விளையாட்டையே ஹோக்குசாய் விரும்பினார் என்று நாம் கொள்கிறோம். அந்நீலமும் ஜப்பானுக்குரியதன்று, பெர்லினிற் பிறந்து, அயல்நாட்டு வாணிபத்தின் வழி வந்த நிறம். அதற்கு முன் வழங்கிய பூச்சாற்று நீலம் ஒளியிலும் ஈரத்திலும் மங்கிவிடும். பழைய அச்சுகள் சிலவற்றில் நாம் இன்று மங்கிய மஞ்சளாகக் காணும் வானமும் நீரும் ஒருகாலத்தில் நீலமாய் இருந்தவை.

உத்தகாவா ஹிரோஷிகே (1797–1858) வேறு இயல்பினர். தீயணைப்புப் பணியைத் தந்தை வழியாகப் பெற்றவர். 'தோக்கைதோ நெடுஞ்சாலையின் ஐம்பத்துமூன்று தங்குமிடங்கள்' என்னும் வரிசையில் கம்பாரா என்னும் ஊரை இரவுப் பனியில் மூழ்கக் காட்டுகின்றார். அவ்வூரோ பனி அரிதாகப் பெய்யும் வெப்பமான கடற்கரைப் பகுதி. ஊரின் உண்மையைவிடப் பயணியின் தனிமை அவருக்குப் பெரிதாயிற்று. பனி அத்தனிமையின் பெயர். இதனைப் பிழை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

1855-இல் எடோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டே ஹிரோஷிகே 'எடோவின் நூறு புகழ்மிகு காட்சிகள்' வரிசையைத் தொடங்கினார். இடிபாடுகளை அவர் வரையவில்லை. அசகுசாக் கோயிலை வெண்பனியில், செந்நிறக் கட்டடங்களோடு வரைந்தார். செம்மையும் வெண்மையும் மங்கல நிறங்கள். நிலநடுக்கத்தில் வளைந்த அக்கோபுரத்தின் உச்சி அப்பொழுதுதான் செப்பனிடப்பட்டது என்பதையும் அறிஞர் எடுத்துக் காட்டுவர். அப்படத்தில் பனி குளிரைக் குறிக்கவில்லை. நகரம் எழுந்துவிட்டது என்ற செய்தியைக் குறித்தது. அதே வரிசையில், 1857-இல் வெளிவந்த பாலத்து மழைப்படத்தில் மழைக்கோடுகள் இருவேறு சாய்வில் இழையிழையாக விழுகின்றன. ஒவ்வோர் இழையும் செதுக்குபவர் மரத்தில் நிறுத்திய மெல்லிய வரம்பு. வான்கோ 1887-இல் பாரிசில் இருந்தபடி இப்படத்தையும் கமேதோப் பிளம் தோட்டப் படத்தையும் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார்.

இக்கைத்தொழில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. யோஷிதா ஹிரோஷி (1876–1950) என்பவர் 1926-இல் பாய்மரப் படகுகளை வரைந்தபொழுது, ஒரே பலகைகளைக் கொண்டு வண்ணத்தை மட்டும் மாற்றி விடியலும் நண்பகலும் மூடுபனியும் இரவும் தோன்றச் செய்தார். 1930-இன் இறுதியில் அவர் இந்தியாவுக்கு வந்தார். காஞ்சன்ஜங்காவின் காலை ஒளியையும், பகலிலும் இரவிலும் தாஜ்மகாலையும் அச்சில் அமைத்தார். அவ்வரிசையில் மதுரைப் பெருங்கோயிலும் ஒன்று.